நாலுக்கு இரண்டு

பிளம் கிரீக் கல்லூரியின் சாஃப்ட்பால் அணி ஜெயிக்கக் கற்றுக்கொள்வதற்கு முன்பே அதற்கு வெற்றிக் கல் நட்டாகிவிட்டது. ஆளுயரக் கருங்கல். "வெற்றி எங்கள் மரபு" என்று அதில் பொன்னெழுத்து. நட்டவர் கல்லூரித் தலைவர் டாக்டர் சின்க்ளேர் பெம்பர்டன். அந்த வருடம் அணி ஆடிய நாற்பது ஆட்டத்தில் ஜெயித்தது இரண்டு. அதிலும் ஒன்று, எதிரணியின் பேருந்து பனியில் சிக்கி வராமலே போனதால் வந்த ஜெயம். ஆட்டக்காரிகள் அந்தக் கல்லின்மேல் காலைத் தூக்கி வைத்து ஷூ நாடா கட்டிக்கொள்வார்கள். கல்லுக்கு அதுவரை கிடைத்த உருப்படியான வேலை அது ஒன்றுதான்.

மார்லா வெசெலி புதுக் கோச்சாக வந்து சேர்ந்த அன்று பெம்பர்டன் அவளிடம் ஒரு கையேட்டை நீட்டினார். முப்பத்து நாலு பக்கம், பளபளப்புத் தாள். "வெற்றிப் பண்பாட்டின் ஏழு தூண்கள்." மார்லாவுக்கு ஐம்பத்தொரு வயது. இருபத்தாறு வருடம் பள்ளிக்கூடப் பெண்களுக்குப் பந்து போடச் சொல்லிக்கொடுத்தவள். நெப்ராஸ்கா வெயிலில் வெந்து சிவந்த கழுத்து, இரண்டு தடவை அறுத்துத் தைத்த முழங்கால். கையேட்டைப் புரட்டிப் பந்து எங்கேயாவது வருகிறதா என்று தேடினாள். இருபத்தேழாம் பக்கத்தில் வந்தது. படமாக. அது கூடைப்பந்து.

"மிஸ் வெசெலி, யார் வேணும்னாலும் ஒரு டீம் வெச்சிருக்கலாம். நான் உங்ககிட்ட எதிர்பார்க்கறது ஒரு வின்னிங் புரோகிராம்," என்றார் பெம்பர்டன். அந்தக் கடைசி இரண்டு சொற்களைச் சொல்லும்போது அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"சரிங்க சார். பந்து வீசுற மெஷின் ஒண்ணு கிடைக்குமா? இப்ப இருக்கறதுல எலி குட்டி போட்டிருக்கு."

"அது அஞ்சாவது தூண்ல வருது. கமிட்டி பார்த்துக்கும்."

அவருக்குப் பின்னால் சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்ட வரைபடம் ஒன்று தொங்கியது. புல்வெளி, வளைந்த நடைபாதை, பளிங்கு இருக்கைகள், நடுவில் நீரூற்று. "தலைமைத்துவப் பூங்கா" என்று கீழே எழுதியிருந்தது. அந்த இடம் மார்லாவுக்கு எங்கேயோ பார்த்ததுபோல் இருந்தது. கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்த பிறகுதான் புரிந்தது, அது சாஃப்ட்பால் மைதானம். நீரூற்று பீறிட்டுக் கிளம்பும் இடம், ஓடுகிறவள் மிதித்து நிற்கும் இரண்டாவது பேஸ்.

"மே மாசம் அறங்காவலர் கூட்டம். அதுக்குள்ள அணி தலை நிமிரலைன்னா..." என்று சொல்லி பெம்பர்டன் வரைபடத்தைப் பாசத்தோடு பார்த்தார். மிச்சத்தை வாயால் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பிளம் கிரீக் தோற்கும் விதம் அந்த வட்டாரத்தில் பெயர்போனது. சாஃப்ட்பாலில் ஓர் ஆட்டம் என்பது ஏழு இன்னிங்ஸ். ஆனால் ஐந்து முடியும்போது ஓர் அணி எட்டு ரன் முன்னால் இருந்தால், போதும், பாவம், விட்டுவிடுங்கள் என்று நடுவர் ஆட்டத்தை முடித்துவிடுவார். கருணை விதி என்று அதற்குப் பெயர். ஊரார் கருணைக் கொலை என்றே சொன்னார்கள். மைதானத்தின் ஓரம் தின்பண்டச் சன்னல் வைத்திருந்த டோலி ஸ்வோபோடா நாலாவது இன்னிங்ஸிலேயே அடுப்பை அணைத்துவிடுவாள். எதிரணியின் பேருந்து ஓட்டுநர் ஐந்தாவதில் வண்டியைக் கிளப்பி உறுமவிட்டுக்கொண்டிருப்பார். ஸ்கோர் பலகையில் ஆறுக்கும் ஏழுக்கும் உரிய பல்புகள் எரிவதில்லை. மார்லா போய்ப் பராமரிப்பு ஆளைக் கேட்டாள். அவர் அவளை விசித்திரமாகப் பார்த்தார்.

"எரிய வேண்டிய தேவை வந்ததில்லையேம்மா."

முதல் நாள் பயிற்சிக்குப் பதினேழு பெண்கள் வந்து நின்றார்கள். கையேட்டில் முதல் நாளைக்கு "கனவுகளைப் பகிர்தல்" என்று போட்டிருந்தது. மார்லா வேறு ஒன்று கேட்டாள்.

"இந்த மைதானத்துல ஏழாவது இன்னிங்ஸ் ஆடினவங்க கையத் தூக்குங்க."

ஒரே ஒரு கை பாதி தூரம் எழுந்தது. பந்து வீசுபவள், ஜோடீன் கிராஸ். பன்றிப் பண்ணைக்காரன் மகள், ஆறடி உயரம், ஆறு வார்த்தைக்கு மேல் பேசாதவள். "ஹை ஸ்கூல்ல ஆடியிருக்கேன், கோச்," என்றாள்.

"இங்க?"

கை இறங்கிவிட்டது.

"சரி. அப்ப நாம ஆறாவதுல இருந்து ஆரம்பிப்போம்."

சொன்னபடியே செய்தாள். பயிற்சிக்கு வந்ததும் முதலில் கால் துவளும்வரை மைதானத்தைச் சுற்றி ஓட்டம். பிறகுதான் ஆட்டம். அதுவும் ஆறாவது இன்னிங்ஸ், ஏழு ரன் பின்னால். இன்னும் ஒரு ரன் கொடுத்தால் கருணை வந்துவிடும்; கொடுக்காமல் நிற்க வேண்டும். மறுநாளும் அதே. குளிர்காலத்தில் வெளியே பனி இடுப்பளவு கிடந்தபோது உள்ளரங்கத்தில் கூடைப்பந்துக்காரர்கள் விட்ட மிச்ச இடத்தில் அதே. முதல் இன்னிங்ஸ் எப்படி இருக்கும் என்பதே பெண்களுக்கு மறந்துபோயிற்று.

இடதுபுற ஆட்டக்காரி லூப்பே மல்டொனாடோவுக்கு வாய் சும்மா இராது. "கோச், ஜெயிக்கறத எந்த மாசம் சொல்லிக் குடுப்பீங்க? அம்மா கேக்கச் சொன்னாங்க."

"முதல்ல சீக்கிரமா வீட்டுக்குப் போகாம இருக்கக் கத்துக்கடி. அத உங்கம்மாவும் கேட்டாங்க."

வசந்தம் வந்தது, தோல்விகளும் வந்தன. மார்ச் மாதம் ஐந்திலேயே முடிந்தவை ஏழெட்டு. பிறகு ஒன்று ஆறு வரை இழுத்தது. இன்னொன்று ஏழைத் தொட்டது. ஏப்ரலில் அத்தி பூத்தாற்போல் மூன்று ஆட்டம் ஜெயித்தார்கள். அதைப் பார்த்தவர்கள் டோலியும் இரண்டு பெற்றோரும் யாருடையதென்று தெரியாத ஒரு நாயும்தான். ஆனாலும் அணியில் ஒருத்தியும் ஜெயத்தைப் பற்றிப் பேசவில்லை. அவர்களுக்கு ஒரே ஒரு நேர்த்திக்கடன் பாக்கி இருந்தது: ஹார்ட்வெல்.

ஹார்ட்வெல் கல்லூரி ஆறு வருடமாக வட்டாரச் சாம்பியன். பிளம் கிரீக்கோடு ஆடிய எந்த ஆட்டத்திலும் அவர்கள் ஆறாவது இன்னிங்ஸுக்கு நின்றதில்லை. அந்தச் சனிக்கிழமை வந்து இறங்கியபோதே அவர்களுடைய ஓட்டுநர் இஞ்சினை அணைக்கவில்லை.

ஐந்து முடிந்தது. ஹார்ட்வெல் மூன்று, பிளம் கிரீக் ஒன்று. டோலி சன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள்.

"மார்லா, இன்னும் ஏன் நிக்கறாங்க எல்லாரும்?"

"ஆட்டம் இருக்கு டோலி."

"அடுப்ப அணைச்சுட்டேனே!"

"பத்த வை."

பேருந்தின் இஞ்சின் அடங்கியது. ஆறாவதில் ஹார்ட்வெல்லுக்கு இன்னொரு ரன், இவர்களுக்கும் ஒன்று. நாலுக்கு இரண்டு. ஜோடீனின் உதடு வெளுத்துவிட்டது, பந்து மட்டும் வேகம் குறையவில்லை. ஏழாவதின் கடைசிக் கட்டத்தில் பிளம் கிரீக் மட்டை பிடித்தது. இரண்டு பேர் அவுட், மூன்றாவது விழுந்தால் ஆட்டம் முடிந்தது; ஒருத்தி பேஸில் நிற்கிறாள். அடிக்க வந்தவள் லூப்பே. ஓங்கி அடித்தாள். பந்து வானத்துக்குப் போயிற்று; காற்று அதைக் கொஞ்சம் யோசித்துப் பார்த்துவிட்டு நேராக ஹார்ட்வெல்காரியின் கையில் கொண்டுபோய்ப் போட்டது. முடிந்தது. தோல்வி.

ஆறு வார்த்தைக்கு மேல் பேசாத ஜோடீன் ஒரே வார்த்தையைத் தொண்டை கிழியக் கத்தினாள்.

"ஏழு!"

பதினாறு பெண்களும் ஓடிப்போய் லூப்பேமேல் விழுந்தார்கள். அடியில் இருந்து குரல் வந்தது. "அடியே நான் அவுட்டுடி! எறங்குங்கடி, மூச்சு முட்டுது!" யாரும் இறங்கவில்லை.

ஹார்ட்வெல் கோச் தன் நோட்டைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், மார்லாவிடம் வந்தார். "ஏம்மா, எங்க கணக்குல ஏதாவது தப்பா?"

"இல்லைங்க. ஜெயிச்சது நீங்கதான்."

"அப்ப உங்க பொண்ணுங்க ஏன் இப்படி..."

"அதுங்க வேற ஆட்டம் ஆடிச்சுங்க."

இந்த நேரம் பார்த்துத்தான் பெம்பர்டன் வேலியோரம் வந்து சேர்ந்தார். ஆட்டம் பார்க்க அல்ல. நீரூற்றுக்கு இடம் அளக்க வந்த கட்டடக் கலைஞரோடு வந்திருந்தார். தம் கல்லூரிப் பெண்கள் மலைபோல் குவிந்து கிடப்பதையும் ஹார்ட்வெல் பெண்கள் திகைத்து நிற்பதையும் பார்த்தார். பலகையை நிமிர்ந்து பார்த்தார். மேலே நாலு, கீழே இரண்டு. அணியின் பெயர்கள் மழையில் அழிந்து வருடக்கணக்காகிவிட்டது. விருந்தாளி மேலே, வீட்டுக்காரர் கீழே என்பது அந்த ஊரில் நடக்கப் பழகிய குழந்தைக்கும் தெரியும். ஆனால் தமக்கு மேலே ஒருவர் இருக்கக்கூடும் என்பது பெம்பர்டனின் வாழ்க்கையில் வழக்கமில்லை.

"வரலாறு!" என்று மார்லாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "மிஸ் வெசெலி, வரலாறு!"

மனுஷனுக்கு இவ்வளவு பெரிய மனசா என்று மார்லாவுக்கு அந்த நொடியில் கண் கலங்கியதென்னவோ உண்மை.

அரை மணி நேரம் கழித்து டோலியின் சன்னலில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. பன்றி விலை, சோள விலை, சோயா விலை. அதற்குப் பின்னால் ஒரு சிறப்பு அறிவிப்பு. பெம்பர்டனின் குரல், நேரடியாக.

"...ஹார்ட்வெல் என்ற மலையை நம் பெண்கள் இன்று சாய்த்தார்கள். இது நான் நட்ட பண்பாட்டின் கனி. நான் தலைவராக இருக்கும்வரை இந்த அணியின்மீது எவரும் கை வைக்க முடியாது..."

மட்டைகளைப் பையில் திணித்துக்கொண்டிருந்த கைகள் அப்படியே நின்றன.

"கோச், நாம ஜெயிச்சுட்டமா?" என்றாள் லூப்பே.

"தலைவரே சொல்லிட்டாரு, ஜெயிச்சுட்டுப் போங்களேன்," என்றாள் டோலி. "உங்களுக்கு என்ன நஷ்டம்?"

மார்லாவின் அறை என்பது வரிக்கோடு போடும் சுண்ணாம்பு மூட்டைகளுக்கு நடுவே ஒரு மேசையும் தொலைபேசியும். ஆட்டம் முடிந்ததும் உள்ளூர்க் கோச் ஐந்து மணிக்குள் பத்திரிகைக்கு ஸ்கோர் சொல்லியாக வேண்டும். அந்த வட்டாரத்து வழக்கம் அது. அவள் கையை வைப்பதற்குள் தொலைபேசியே அடித்தது. பெம்பர்டன், கதவுக்கு வெளியேயும் கேட்கும் மேடைக் குரலில். யாரோ அவருக்குச் சொல்லிவிட்டிருக்கிறார்கள்.

"மிஸ் வெசெலி, ஒரு சின்ன விளக்கம். மேல இருந்த நாலு..."

"ஹார்ட்வெல் சார். விருந்தாளி எப்பவும் மேல."

"எதுக்கு அப்படி?"

"மரபு சார்."

பெம்பர்டன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "சரி. நீங்க இப்ப பேப்பருக்குச் சொல்லுவீங்க இல்லையா? வெறும் 'நாலுக்கு ரெண்டு'ன்னு மட்டும் சொல்லுங்க. பொய் இல்லையே. யாருக்கு நாலுன்னு அவங்க கேட்டாத்தானே?"

"கேட்டா?"

"நெருக்கமான ஆட்டம்னு சொல்லுங்க." குரல் குழைந்தது. "நான் ரேடியோவுல சொன்னது சொன்னதுதான். மே மாசம் நீரூற்றுப் பேச்சே வராது. உங்களுக்கு மெஷின் வேணும்னீங்களே, புதுசாவே வாங்கலாம். ஆனா என்னை ஊர் சிரிக்க வெச்சீங்கன்னா, நான் கூட்டத்துல என்ன செய்யணுமோ அதைச் செய்வேன். யோசிங்க."

மார்லா யோசித்தாள். யோசிக்கவில்லை என்றால் அது பொய். இரண்டே சொல். அதற்கு விலை பதினேழு பெண்களின் மைதானம். இருபத்தாறு வருடத்தில் இதைவிடப் பெரிய பொய்களைப் பெற்றோர்களிடம் புன்னகையோடு சொல்லியிருக்கிறாள்: உங்க பொண்ணுக்கு நல்ல கை, கொஞ்சம் பொறுங்க. தொலைபேசியை எடுத்தாள், வைத்தாள். எழுந்து கதவைத் திறந்தாள். வெளியே காதை ஒட்டிக்கொண்டு நின்ற நாலைந்து பேர் உள்ளே சரிந்தார்கள்.

"எல்லாம் கேட்டாச்சா?"

"மெஷின் வரைக்கும் கேட்டோம்," என்றாள் லூப்பே.

"அப்ப நீங்களே சொல்லுங்க. மைதானம் உங்களுது."

ஜோடீன்தான் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினாள். அன்றைக்கு அவளுடைய வார்த்தை ஒதுக்கீடெல்லாம் தீர்ந்துவிட்டது. "ஜெயிச்சோம்னு போட்டா, அது எல்லாரும் ஜெயிக்கற மாதிரி ஒரு ஜெயம் கோச். நாம ஏழு நின்னது யாருக்கும் தெரியாமப் போயிடும். பனிக்காலம் முழுக்க நின்னமே, அது."

"என் அவுட்டும் வீணாப் போயிடும்," என்றாள் லூப்பே. "என்னை அமுக்கினதுக்கு ஒரு அர்த்தம் வேணாமா?"

மார்லா எண்ணைச் சுழற்றினாள். பத்திரிகையில் விளையாட்டுப் பக்கம் எழுதும் நெட் எடுத்தான்.

"ஹார்ட்வெல் நாலு, பிளம் கிரீக் ரெண்டு," என்றாள். "ஏழு இன்னிங்ஸ்."

"எத்தனை?"

"ஏழு."

"எழுத்துக்கூட்டிச் சொல்லு மார்லா. ஹார்ட்வெல்லோட உங்க ஆட்டத்துக்கு நான் அந்த எண்ணைத் தட்டினதே இல்ல."

திங்கட்கிழமைப் பத்திரிகையில் இடப்பக்கம் பெம்பர்டனின் முழக்கம், வலப்பக்கம் ஸ்கோர். நெட் ஒரு வார்த்தை கூடச் சேர்க்கவில்லை, பக்கத்துப் பக்கத்தில் வைத்தான், அவ்வளவுதான். முடிதிருத்தும் கடையில் ஆரம்பித்த சிரிப்பு மத்தியானத்துக்குள் தானியக் கிடங்குவரை போய்விட்டது. "பொண்டாட்டிகிட்ட தோத்துட்டு வந்தேன், நாலுக்கு ரெண்டு," என்று ஆண்கள் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள்.

அடுத்த சனிக்கிழமை ஒரே நாளில் இரண்டு ஆட்டம்; மைதானத்தில் உட்கார இடமில்லை. தோற்றுவிட்டுக் குதிக்கும் பெண்களைப் பார்த்துச் சிரிக்க ஊரே வந்திருந்தது. நாற்காலிகளைக் கொண்டுவந்து போட்டுக்கொண்டு, "எப்பம்மா குதிப்பீங்க?" என்று கேட்டார்கள். முதல் ஆட்டத்தில் மூன்றாவது இன்னிங்ஸ்வரை சிரித்தார்கள். ஐந்தாவதில் ஒருவரும் எழுந்து போகவில்லை. ஆறாவதில் சிரிப்பதற்கு ஆளில்லை. எல்லாரும் கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். டோலியிடம் மிளகாய்க்கறியும் இலவங்கப்பட்டை ரோலும் தீர்ந்துபோய், வெறும் கடுகு விழுது தடவிய பன்னைக்கூட வாங்கித் தின்றார்கள். அந்த ஆட்டத்தை ஜெயித்தார்கள். இரண்டாவதை ஏழாவதில் தோற்றார்கள். தோற்றதும் பெண்கள் கொஞ்சம் கூச்சத்தோடு நின்றபோது, கூட்டத்தில் இருந்த ஒரு டிராக்டர் ஓட்டி, "என்னம்மா, குதிக்கலியா? அதுக்குத்தான வந்தோம்!" என்று கத்தினார். குதித்தார்கள். கூட்டமும் சேர்ந்து குதித்ததில் பழைய மரப்படி ஒன்று உடைந்தது.

மே மாதக் கூட்டத்துக்கு மார்லாவையும் கூப்பிட்டிருந்தார்கள். சுவரோரம் ஒரு நாற்காலி. மார்லா மனசுக்குள் சாமான் கட்டிக்கொண்டுதான் போயிருந்தாள். அறங்காவலர்களில் ஒருவர், விதைச்சோள வியாபாரி, பத்திரிகையை மேசைமேல் விரித்துவைத்து, "டாக்டர், இந்த டீமை மூடணுமா வேணாமா? ரேடியோவுல நீங்க மூட மாட்டேன்னீங்க. நான் வண்டியில கேட்டேன்," என்றார்.

பெம்பர்டன் எழுந்தார். மூடலாம் என்றால், பலகையைத் தப்பாகப் படித்துத்தான் அன்று அப்படி முழங்கினேன் என்று தம் வாயால் ஒத்துக்கொள்ள வேண்டும். அதைவிட அவர் தம் நீரூற்றிலேயே விழுந்து மூழ்கத் தயார்.

"அன்று நான் சொன்ன ஒவ்வொரு சொல்லும் எண்ணிச் சொன்னது," என்றார், கண்ணை மூடிக்கொண்டு. "எல்லாரும் பலகையைப் பார்த்தார்கள். நான் குணத்தைப் பார்த்தேன். குணத்தின் ஸ்கோரில் நாம்தான் மேலே."

மார்லா இருமலை அடக்க வேண்டியிருந்தது. விதைச்சோளக்காரர் அடக்கவில்லை. அணிக்கு மேலும் மூன்று வருடம், கூடவே புதுப் பந்து மெஷின். நீரூற்று நூலகத்துக்குப் பின்னால் குப்பை வண்டி நிற்கும் இடத்துக்கு. கையேட்டின் அடுத்த பதிப்பில் எட்டாவதாக ஒரு தூண் முளைத்தது: "நீடித்து நிற்றல்." தம் சொந்தக் கண்டுபிடிப்பு என்று பெம்பர்டன் மூன்று மாநாடுகளில் பேசினார். பேசட்டும் என்று விட்டுவிட்டாள் மார்லா. மெஷின் வந்து சேர்ந்திருந்தது.

வருடக் கடைசியில் ஒன்பது ஜெயம், முப்பத்தொரு தோல்வி. தலை நிமிர்ந்ததென்று அதைச் சொல்ல முடியாது. கழுத்துக்கு உயிர் வந்ததென்று சொல்லலாம்.

ஜூன் மாதம் மார்லா தன் பழைய வண்டியில் அறுபது மைல் மேற்கே போனாள். அங்கே ஒரு மாட்டுப் பண்ணையில் ஆட்ரா என்று ஒரு பெண், பள்ளி முடித்தவள், களஞ்சியத்துச் சுவரில் பந்தை எறிந்து எறிந்து பலகையையே பெயர்த்துவிட்டாள் என்று கேள்வி. உண்மைதான். பெயர்ந்த இடத்தில் அவள் அப்பா தகரம் அடித்திருந்தார்; தகரமும் குழிந்திருந்தது.

"ஹார்ட்வெல்ல இருந்தும் வந்தாங்க," என்றாள் ஆட்ரா, ஒளிக்காமல். "கோட்டு போட்டுக்கிட்டு வந்தாங்க."

"நல்ல கோச்சுங்க. நல்ல இடம்."

"நீங்க இந்த வருஷம் எத்தனை ஜெயிச்சீங்க?"

"ஒம்போது."

"தோத்தது?"

"முப்பத்தொண்ணு."

ஆட்ரா சிரித்துவிட்டாள். "நீங்கதானே தோத்துட்டுக் குதிச்சவங்க? எங்கப்பா பேப்பர்ல வாசிச்சுக் காட்டினாரு. அந்தப் பெரியவரு ஸ்கோர் பார்க்கக் கத்துக்கிட்டாரா?"

"தேறிட்டு வராரு."

"ஹார்ட்வெல்ல ரெண்டு வருஷம் பெஞ்சுல உக்காந்து பார்க்கணுமாம். அப்பறம்தான் பந்து குடுப்பாங்களாம். உங்ககிட்ட?"

"ஜோடீனுன்னு ஒருத்தி இருக்கா. அவளுக்குத் தோள் வலி. நீயும் அவளும் மாத்தி மாத்தி. மொத வாரமே. தோப்போம், அத இப்பவே சொல்லிடறேன். அடுத்த வருஷம் கொஞ்சம் கம்மியாத் தோப்போம். அதுக்கடுத்த வருஷம் ஹார்ட்வெல்காரங்க கோட்ட கழட்டி வெச்சுட்டு ஆடணும்."

ஆட்ரா குதிகாலால் மண்ணில் ஒரு கோடு கிழித்துக்கொண்டு நின்றாள். மார்லா வண்டியில் இருந்து கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டு, முழங்கால் இரண்டும் கூச்சல்போட, தகரத்துக்கு முன்னால் குந்தினாள்.

"போடு பார்ப்போம்."

பந்து வந்தது தெரியவில்லை, சத்தம்தான் தெரிந்தது. உள்ளங்கை எரிந்து தோள்வரை ஏறியது. மார்லா கையுறையைக் கழற்றிக் கையை உதறிவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டாள்.

"இன்னொண்ணு."

நாலாவது பந்துக்குச் சமையலறைச் சன்னல் திறந்தது. "ஆட்ரா, சாப்பாடு ஆறுது!"

"இரும்மா," என்றாள் ஆட்ரா, மண்ணில் கிழித்த கோட்டுக்குத் திரும்பி நடந்தபடியே. "எங்க கோச் இன்னும் எந்திரிக்கல."